இலாசருக்குப் பெயர் உண்டு

அக்டோபர்த் திங்கள் வந்துவிட்டால் நம் பங்குகளில் மறைபரப்பு ஞாயிறு நினைவுக்கு வரும். 1926-ல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஏற்படுத்திய அந்நாளில், கடல் கடந்து சென்று பணியாற்றும் குருக்களுக்காகவும் துறவியருக்காகவும் செபிக்கிறோம், காணிக்கை தருகிறோம். சவேரியாரையும் அருளானந்தரையும் மொலோக்காய்த் தீவின் தமியானையும் மறையுரைகளில் கேட்கிறோம். அவர்தம் வரலாற்று நூல்கள் நம் வீட்டு அலமாரிகளில் உள்ளன. நற்கருணைக்குத் தயாரான நாளில் பரிசாகப் பெற்ற நூல்கள் அவை.

ஆயினும் ஒரு கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொண்டால் சற்றே தடுமாறுவோம். அப்புனிதர்களிடம் பணி பெற்ற ஏழைகளுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? "தொழுநோயாளர் பலர்", "மீனவ மக்கள்", "அநாதைக் குழந்தைகள்" என்று கூட்டமாகவே அவர்களை அறிவோம். கொடுத்தவருக்குப் பெயர் உண்டு. பெற்றவருக்கு எண்ணிக்கை மட்டும் உண்டு.

நம் ஆண்டவர் கதை சொன்ன முறை இதுவன்று. அவர் படைத்த உவமைகளில் ஊதாரி மைந்தனுக்குப் பெயர் இல்லை. நல்ல சமாரியருக்கும் பெயர் இல்லை. லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தில், செல்வன் வீட்டு வாயிலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு மட்டும் பெயர் உண்டு: இலாசர். நாள்தோறும் விருந்துண்ட செல்வனோ பெயரற்றவனாகவே கல்லறைக்குப் போகிறான். உலகம் எழுதும் முறையை ஆண்டவர் தலைகீழாக்கிவிட்டார். விளிம்புநிலை மக்களிடையே ஆற்றிய பணியைப் பேசும் எந்த இலக்கியத்தையும் நிறுத்துப் பார்க்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பது நம் துணிபு. அவ்வளவுகோலைக் கொண்டு, உலகெங்கும் வாசிக்கப்பட்ட நூல் ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

ஆனந்த நகர்

பிரெஞ்சு எழுத்தாளர் தொமினிக் லாப்பியேர் 1985-ல் வெளியிட்ட நாவல், ஆங்கிலத்தில் 'சிட்டி ஆஃப் ஜாய்' என்ற பெயரால் நம்மவரும் அறிந்தது. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவின் பில்கானா குடிசைப் பகுதியைக் கண்டு அவர் எழுதியது. நாவலில் அதற்கு ஆனந்த நகர் என்று பெயர். நூலால் வந்த வருவாயில் பாதியைக் கல்கத்தாவின் தொழுநோயாளரது பிள்ளைகளுக்கென ஒதுக்கினார். 2008-ல் இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. 2022 டிசம்பரில் அவர் மறைந்தார்.

கதை இரு நீரோடைகளாகத் தொடங்கி ஒன்றாய்க் கலக்கிறது. ஒன்று, ஹசாரி பால் என்னும் வங்காள உழவனுடையது. வறட்சியாலும் கடனாலும் மண்ணை இழந்து, மனைவி மக்களோடு கல்கத்தாவின் நடைபாதைக்கு வந்து, கைரிக்‌ஷா இழுக்கும் மனிதக் குதிரையாகிறான். மற்றொன்று, போலந்து மரபினரான ஸ்தெபான் கோவால்ஸ்கி என்னும் கத்தோலிக்கக் குருவினுடையது. ஏழைகளுக்கு ஏதேனும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்பதைக் காட்டிலும் அவர்களோடு குடியிருக்க வேண்டும் என்னும் வேட்கையே அவரை ஆனந்த நகருக்கு அழைத்து வருகிறது. பில்கானாவில் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு பிரான்சுவா லபோர்தின் சாயல் அப்பாத்திரத்தில் உண்டு என்பர்.

நூலின் வலிமை

இந்நூலின் பெருமை கோவால்ஸ்கியிடம் இருப்பதாகவே பலரும் எண்ணுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. நூலைத் தாங்கி நிற்பவன் ஹசாரியே.

அவனுக்குப் பெயர் உண்டு. பெயர் மட்டுமா? ஊர் உண்டு, கடன் உண்டு, தொழில் நுணுக்கம் உண்டு. ரிக்‌ஷாவின் நுகக்கோலை எங்கே பிடித்தால் பாரம் சமனாகும் என்பதை அவன் கற்கும் பக்கங்களில், ஆசிரியர் இரங்கத்தக்க ஏழை ஒருவனைக் காட்டவில்லை; தொழில் பழகும் ஒரு மனிதனைக் காட்டுகிறார். வண்டி அவனுடையதன்று, நாள் வாடகையை உடைமையாளனின் ஆளிடம் செலுத்த வேண்டும். காசநோய் முற்றிக் குருதி கக்கும் காலத்தில், மகளின் மணச்செலவுக்காகத் தன் எலும்புக்கூட்டையே முன்கூட்டி விற்றுவிடுகிறான். இறந்தபின் அவ்வுடலை எடுத்துப்போக ஆட்கள் வருவர். மண்ணையும் குருதியையும் விற்றவன் இறுதியில் விற்பதற்கு மிஞ்சியது அதுவே. ஆசிரியர் இங்கே கண்ணீரை வரவழைக்க முயலாமல் கணக்கைக் காட்டுகிறார். எவ்வளவு தேவை, எவ்வளவு கிடைக்கும், எவ்வளவு குறையும்? அக்கணக்கே நம் நெஞ்சைப் பிளக்கிறது.

கோவால்ஸ்கியின் பகுதிகளிலும் உயர்ந்தவை உண்டு. எலும்புருக்கி நோயால் அடுத்த வீட்டுச் சிறுவன் சபியா வேதனையில் அலறும் இரவுகளில், அக்குருவால் செபிக்கக்கூட முடியவில்லை. துன்பத்துக்கு விளக்கம் தரும் பயிற்சி பெற்றவர், ஒரு குழந்தையின் அலறல் முன் சொல்லிழந்து போகிறார். பிற்பாடு, அக்குடிசைப் பகுதி மக்களையே கூட்டி, ஒருவர் குறையை மற்றவர் கேட்டு உதவும் சிறு குழு ஒன்று அமைகிறது. தேவையை அறிந்தவர்கள் அங்கே வாழ்பவர்கள். முடிவெடுக்க வேண்டியவர்களும் அவர்களே என்னும் தெளிவு அங்கே பிறக்கிறது. மறைபரப்புப் பணிபற்றிய ஏடுகள் பலவற்றினும் இவ்வொரு செய்தி மேலானது.

நூலின் குறை

குறை யாது? அது தலைப்பிலேயே தொடங்குகிறது. வறியவர் நடுவே தாம் கண்ட மகிழ்ச்சியில் ஆசிரியர் மயங்கிப் போகிறார். துயரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் உச்சியில் ஒரு புன்னகையை ஏற்றிவைக்கிறார். ஏழைகள் சிரிப்பார்கள், விழாக் கொண்டாடுவார்கள், பகிர்ந்துண்பார்கள், மறுப்பார் யார்? ஆயினும், தொலைவிலிருந்து வாசிப்பவனுக்கு அச்சிரிப்பு ஆறுதலாகிவிடுகிறது. "அவர்கள் மகிழ்ச்சியாகத்தானே இருக்கிறார்கள்!" என்று நூலை மூடிவைத்துவிட்டு அவன் உறங்கப் போகலாம். வறுமை அழகாகத் தோன்றும் இடத்தில் நீதியின் பசி மங்கிவிடுகிறது. ரிக்‌ஷாக்காரர்களின் போராட்டத்தையும் ஆசிரியர் எழுதியுள்ளார் என்பது உண்மையே. எனினும் வாசகர் நினைவில் நிற்பது போராட்டமன்று, புன்னகைதான்.

1992-ல் ரோலண்ட் ஜாபே இயக்கத்தில் வந்த திரைப்படம் இக்குறையை வளர்த்துவிட்டது. குரு கதையிலிருந்தே நீக்கப்பட்டார். பேட்ரிக் ஸ்வேஸி நடித்த அமெரிக்க மருத்துவர் நடுவிடம் பெற்றார். ஓம் பூரி தம் தோளில் ஹசாரியைச் சுமந்து நடித்தும், படம் முடிகையில் நாம் யாருடைய மனமாற்றத்தைக் கண்டோம்? அமெரிக்கருடையதை. ஏழையின் வாழ்வு, வெளிநாட்டார் ஒருவர் தம்மைக் கண்டறியும் பள்ளிக்கூடமாயிற்று. படப்பிடிப்பின்போதே கல்கத்தாவில் எதிர்ப்பு எழுந்தது. தம் நகரின் வறுமை காட்சிப்பொருளாவதை அந்நகரத்தார் பலர் விரும்பவில்லை. அந்த எதிர்ப்பில் மிகை இருந்திருக்கலாம், நியாயமும் இருந்தது.

இலாசரின் அளவுகோலால் நிறுத்தால், நாவல் பாதிக்குமேல் தேறுகிறது. படம் அந்த அளவுக்குத் தேறவில்லை.

தண்டவாளத்தின் மறுமுனை

நிற்க. வங்காளத்து நாவலைத் திருவள்ளூர் மாவட்டத்தில் அமர்ந்து ஏன் ஆராய வேண்டும் என்று வாசக அன்பர் வினவலாம். விடை நம் கண்ணெதிரே ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி இரயில் நிலையத்தின் வழியே வடக்கே செல்லும் தண்டவாளம், ஆந்திரத்தையும் ஒடிசாவையும் கடந்து ஹவுராவில் சென்று முடிகிறது. ஆனந்த நகர் அத்தண்டவாளத்தின் ஒரு முனை என்றால், நாம் மறுமுனைக்கு அருகில் வாழ்கிறோம். ஹசாரியின் காலத்தில் மண்ணிழந்தவன் கல்கத்தாவோடு நின்றான். இன்று அவனுடைய பேரன் தண்டவாளம் போகும் தொலைவெல்லாம் போகிறான். நம் ஊரில் வந்து இறங்குகிறான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து இரும்பு உருக்காலைகளின் உலையருகே நிற்பவர்களைப் பாருங்கள். ஒடிசா, பீகார், வங்காளம், ஜார்க்கண்ட் எனப் பல மாநிலத்து இளைஞர்கள். வேலை முறை மாறும் வேளையில் ஒருவர் எழுந்த பாயில் மற்றவர் படுக்கும் வாடகை அறைகள். அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றே: 'வடக்கத்தியர்'. வங்காளியும் ஒடியரும் சந்தாலியரும் அச்சொல்லில் கரைந்து போகிறார்கள்.

மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்குச் சென்றால் ஹசாரியின் கடன் கணக்கை மீண்டும் வாசிக்கலாம். மேற்கு ஒடிசாவின் வறண்ட ஊர்களில் முகவர் முன்பணம் தருகிறார். குடும்பம் முழுவதும் இரயிலேறுகிறது. அறுக்கும் கல்லின் கூலி முன்பணத்தில் கழிகிறது. கழிந்தும் கடன் தீர்வதில்லை. 1976-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு 35 ஆண்டுகளுக்குப் பின், 2011-ல், இம்மாவட்டத்துச் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாத் தொழிலாளர் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். வெளியூரார் மட்டுமா? இம்மண்ணின் தொல்குடியினரான இருளர் குடும்பங்களும் அரிசி ஆலைகளிலும் சூளைகளிலும் அவ்வாறே முன்பணத்தால் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டதுண்டு.

இங்கிருந்து சில கல் தொலைவில் பழவேற்காடு. அங்கே மகிமை மாதாவைத் தேடி நாம் திருப்பயணம் போகிறோம். 17-ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அத்துறையிலிருந்துதான் இம்மண்ணின் மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தேவியாவுக்கு அனுப்பினர். பஞ்சக் காலத்தில் பசிக்குத் தம்மையே விற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். ஒல்லாந்தரின் கல்லறைகளில் செதுக்கிய பெயர்களை இன்றும் வாசிக்கலாம். கப்பலேறியவர் பெயர்களை எந்தக் கல்லில் வாசிப்பது? கொண்டுபோனவருக்குப் பெயர், போனவருக்கு எண்ணிக்கை என்னும் அப்பழைய கணக்கு இம்மண்ணுக்குப் புதிதன்று.

2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளாயிற்று. இருநூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்னாட்டுக்குப் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் அவர்களுள் பலர். யாரும் உரிமை கோராத 28 உடல்கள் நான்கு மாதங்கள் காத்திருந்து, அக்டோபரில் புவனேசுவரத்தில் எரியூட்டப்பட்டன. நம் நிலையத்தைக் கடந்து வரவேண்டிய வண்டி அது. பெயரின்றி எரிந்தவர்களுள் நம் வட்டாரத்து வாடகை அறைக்கு வந்துகொண்டிருந்தவர் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

நம்மிடமிருந்து சென்றவர்

கடல் கடந்த பணி என்றதும் வெள்ளையர் ஒருவர் நம்மிடம் வருவதையே எண்ணுகிறோம். அருட்தந்தை பியேர் செராக் அவர்களின் வாழ்வு அவ்வெண்ணத்தைத் திருத்துகிறது. 1914-ல் பிரான்சில் பிறந்த இயேசு சபைத் துறவி, 1937-ல் இந்தியா வந்தார். தமிழையும் வடமொழியையும் கற்றார். அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் இயக்கத்தின் வழிகாட்டியாக ஒரு தலைமுறை மாணவரை ஊர்ப்புறங்களுக்கு அழைத்துச் சென்றார். இராமநாதபுரத்து வறண்ட பூமியில் ஆயிரம் கிணறுகள் என்னும் திட்டத்துக்கு உயிர் தந்தார். 1980-ல், அறுபத்தாறு வயதில், தாய்லாந்து எல்லையில் குவிந்த கம்போடிய அகதிகளிடம் சென்றார். பத்தாண்டுகளுக்கும் மேல் அம்முகாம்களில் பணியாற்றிவிட்டுத் தமிழகம் திரும்பி, 2012 மே 30-ஆம் நாள் சென்னையில் இறைவனடி சேர்ந்தார்.

கம்போடியருக்கு அவர் பிரான்சிலிருந்து வந்தவரா, தமிழகத்திலிருந்து வந்தவரா? இரண்டும்தான் என்போம். நாற்பத்து மூன்று ஆண்டுகள் நம் ஏழைகளிடம் கற்றதையும் எடுத்துக்கொண்டே அவர் அங்குச் சென்றார். ஆயினும் அவரைப் பற்றி நாம் ஆற்றும் நினைவுரைகளிலும் அதே குறை உண்டு. ஆயிரம் கிணறுகளைப் பேசுகிறோம். அவற்றை வெட்டிய கைகளைப் பேசுவதில்லை. அத்தந்தையின் நூலொன்றின் தலைப்பு, கொடுக்கப்படாதது யாவும் இழக்கப்பட்டதே என்று பொருள்படும். கொடுத்தவரையே எழுதி, பெற்றவரின் முகத்தை எழுதாமல் விட்டால் நாம் இழப்பதும் சிறிதன்று.

அவர் தாய்லாந்து எல்லையில் இருந்த அதே ஆண்டுகளில், 1983-க்குப் பின், ஈழத்து உறவுகள் கடல் கடந்து நம் கரைக்கு வந்தனர். அவர்களுக்கான பெரிய முகாம்களுள் ஒன்று கும்மிடிப்பூண்டியில் அமைந்தது. முகாமில் பிறந்த பிள்ளைகள் தாமே பெற்றோராகிவிட்டனர். 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர்ப்பலகை மாறினால் வாழ்வு மாறிவிடுமா என்று ஏளனம் செய்தவர் உண்டு. மாறாதுதான். ஆயினும் ஒரு மனிதரை எப்பெயரால் அழைக்கிறோம் என்பது நீதியின் முதற்படி என்பதை அரசு உணர்ந்தது. திருச்சபையின் பிள்ளைகள் அதனைக் கடைசியாக உணரலாகாது.

பின்வரிசையில் ஒருவர்

இதனைப் பிறருக்குச் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மறைபரப்பு ஞாயிறன்று, இவ்வட்டாரத்து ஆலயம் ஒன்றில் திருப்பலி கண்டோம். மறையுரை நன்றாயிருந்தது, ஆப்பிரிக்காவில் பணியாற்றும் தமிழ்க் குருக்களைப் பற்றிக் கேட்டு நெகிழ்ந்தோம், காணிக்கையிட்டோம். வாயிலருகே, காலணிகள் கிடக்கும் இடத்தை ஒட்டி, தொழிற்சாலைச் சீருடையில் நான்கு இளைஞர் நின்றனர். சிலுவை அடையாளம் வரைந்தனர். தமிழ்ப் பாடல்களில் வாய் அசையவில்லை. 'அல்லேலூயா'வும் 'ஆமெனு'ம் வந்தபோது மட்டும் அவர்கள் குரல் எழுந்தது. அவர்களைப் பல ஞாயிறுகளில் நாம் கண்டிருக்கிறோம். ஒரு நாளும் பேசியதில்லை.

அன்று, ஏனோ, நமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஒருவரிடம் பேசினோம். ஒடிசாவின் சுந்தர்கட் பகுதியைச் சேர்ந்த பழங்குடிக் கத்தோலிக்கர். தம் ஊர் ஆலயத்தில் திருப்பலியின்போது மத்தளம் அடித்தவர். இங்கே வந்து எட்டு மாதங்கள். உதவி ஏதும் வேண்டுமா என்று கேட்டோம். நம் கை சட்டைப் பையை நோக்கிப் போயிற்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். அவர் பணம் கேட்கவில்லை. "இந்தி தெரிந்த சாமியார் யாராவது இருக்கிறாரா? வந்ததிலிருந்து பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை" என்றார்.

உலகின் மறுகோடிக்கு மறைபரப்பாளரை அனுப்பக் காணிக்கையிட்ட நாம், பத்தடி தொலைவில் நின்ற சகோதரர் ஒருவர் தம் பாவத்தை அறிக்கையிட மொழியின்றி எட்டு மாதம் நின்றதை அறியவில்லை. கோவால்ஸ்கி ஆனந்த நகரில் குடியேற எத்தனை ஆயிரம் கல் கடந்தார்! நமக்கு இருந்த தொலைவு பத்தடி. இந்தி அறிந்த குரு ஒருவரைத் தேடி அழைத்துவர அதன்பின் மூன்று வாரங்கள் பிடித்தன. அன்று வாயிலருகே வரிசையில் நின்றவர்கள் நால்வர் அல்லர், நாற்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களெல்லாம் எங்கிருந்தார்கள்? அதே ஆலயத்தில், அதே பின்வரிசையில், ஒவ்வொரு ஞாயிறும் சிலர் சிலராக நின்றவர்கள்தாம்.

ஆகவே, லாப்பியேரின் நாவலைக் கிடைப்பவர்கள் வாசியுங்கள். அதன் புன்னகையில் மயங்காமல் ஹசாரியின் கணக்கைக் கூர்ந்து வாசியுங்கள். மறைபரப்பாளர் வரலாறுகளை எழுதும் அன்பர்கள், பணி பெற்றவர் ஒருவரையேனும் பெயரோடும் ஊரோடும் தொழிலோடும் எழுதட்டும். அன்பியக் கூட்டங்களில் குடும்பங்களைப் பதியும் ஏட்டில் வாடகை அறைகளில் வாழ்பவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆலய வாயிலில் திருப்பலி நேரத்தை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிவைக்க ஒரு பலகையும் ஒரு தூரிகையும் போதும்.

அந்த இளைஞர் இப்போது வேறு ஊரில் வேலை செய்கிறார். அவர் இசைவின்றி அவர் பெயரை இங்கே அச்சிடுவது முறையன்று. ஆனால் அது நமக்குத் தெரியும். எட்டு மாதங்களுக்குப் பின்னரே கேட்டோம் என்பதும் தெரியும்.